வாசிப்பிலிருந்து எனக்கு விலக்கு அளித்த ஆசிரியர்களுக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர்களே,

வணக்கம். வரிசையாக ஒவ்வொருவராய் எழுந்து ஒரு பத்தி வாசிக்கச் சொல்வீர்களே, அந்த நேரத்தில் பாடம் என் காதில் விழுந்ததே கிடையாது. எனக்கு முன்னால் எத்தனை தலை என்று எண்ணிக்கொண்டிருப்பேன். பதினொன்று. அப்படியென்றால் பன்னிரண்டாவது பத்தி எனக்கு. அதைத் தேடிப் பிடித்து மனசுக்குள் நாலு தடவை ஓட்டிப் பார்ப்பேன். நடுவில் ஒருத்தி இரண்டு பத்தி சேர்த்து வாசித்துவிட்டால் போச்சு, கணக்கு மொத்தமும் குலைந்துவிடும். முறை நெருங்க நெருங்க நெஞ்சு படபடக்கும், விரல் நுனி மரத்துப்போகும், எழுத்துகள் நெளியும். செத்துவிடுவேன் என்றே நினைத்தேன். அப்போது எனக்கு வயது 14.

திட்டிய ஆசிரியர்களைப் பற்றி எழுத வரவில்லை. அவர்களைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். நான் எழுதுவது என்மேல் இரக்கப்பட்டவர்களுக்கு.

ஒருநாள் என் முறை வருவதற்குள் எழுந்து கழிப்பறைக்கு ஓடிவிட்டேன். முகம் கழுவிக்கொண்டு திரும்பியதும் ஆசிரியர் தனியே கூப்பிட்டு, "உனக்குக் கஷ்டமா இருந்தா இனிமே நீ வாசிக்கவே வேண்டாம்மா" என்றார். கும்பிடத் தோன்றியது. அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன். அந்த நிம்மதிதான் பயத்துக்குத் தீனி என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வாசிப்பிலிருந்து தப்பித்தவள் அடுத்து சந்தேகம் கேட்பதை நிறுத்தினேன். பிறகு குழுவாகச் செய்யும் வேலைகளிலிருந்து நழுவினேன். ஆறே மாதத்தில், திங்கட்கிழமை காலை வந்தாலே வயிற்றைப் பிசைய ஆரம்பித்தது. வயிற்றில் ஒரு கோளாறும் இல்லை என்றார் மருத்துவர். 'கூச்ச சுபாவம்' என்று மதிப்பெண் அட்டையில் எழுதினீர்கள்.

வீட்டில் வாய்திறந்து சொல்ல எனக்கு ஒரு வருடம் பிடித்தது. சொன்னேன் என்பதுகூடச் சரியில்லை. நோட்டுத் தாளைக் கிழித்து ஏழெட்டு வரி எழுதி, அம்மா கையில் கொடுத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். பேச வராத பிள்ளைக்கு எழுத வரும், இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொண்டால் நல்லது.

அதன்பிறகு பார்த்த உளவியல் ஆலோசகர்தான் விரல் ஏன் மரத்துப்போகிறது என்று விளக்கினார். பயத்தில் வேகவேகமாக மூச்சு விடும்போது இரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. அதனால்தான் விரல் நுனியில் ஊசி குத்துவதுபோல் இருப்பதும் தலை கிறுகிறுப்பதும். இழுப்பதைவிட விடும் மூச்சை நீளமாக்கினால் மெல்ல அடங்கும். பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய்ப் பிறகு இறங்கிவிடும். இவ்வளவுதான் விஷயம். சுவாச மண்டலப் பாடத்தோடு சேர்த்து ஒரு வகுப்பில் சொல்லியிருக்கலாமே என்று இன்றைக்கும் எனக்கு ஆதங்கம்.

அவர் எனக்கு விலக்கு கொடுக்கவில்லை. முதல் வாரம் அவர் முன்னால் மட்டும் ஒரு பத்தி. பிறகு ஒரே ஒரு தோழியிடம். பிறகு நான்கு பேர் நடுவில், உட்கார்ந்தபடியே. பயம் தானாக இறங்கும்வரை அந்த இடத்தை விட்டு எழக்கூடாது என்பது மட்டும்தான் நிபந்தனை. இது புதிய வித்தையும் இல்லை. மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர் 1924-இலேயே, முயலைக் கண்டு அலறிய ஒரு சின்னப் பையனுக்கு, அவன் பிடித்ததைத் தின்றுகொண்டிருக்கையில் முயலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே கொண்டுவந்து பயத்தைப் போக்கியிருக்கிறார். முயலை மறைத்து வைத்திருந்தால் அவன் பயம் எப்படிப் போயிருக்கும்?

ஆகவே, முழு விலக்கு கொடுக்காதீர்கள், பாதி கொடுங்கள். "இன்னைக்கு ரெண்டு வரி போதும், எந்த ரெண்டு வரின்னு நீயே சொல்லு" என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். வகுப்பு நடுவில் "ஏன் பயப்படுறே?" என்று கேட்காதீர்கள், அதற்கு எந்தப் பிள்ளையிடமும் பதில் இருக்காது. ஆலோசகரிடம் அனுப்புவதானால் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டு அனுப்பாதீர்கள்.

ஒன்றில் மட்டும் படிப்படியாக என்ற பேச்சே கூடாது. உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை என்று ஒரு பிள்ளை உங்களிடம் சொன்னால், யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அன்றைக்கே பெற்றோருக்கும் மனநல மருத்துவருக்கும் தகவல் போயாக வேண்டும். அதுவரை அந்தப் பிள்ளையைத் தனியே விடாதீர்கள்.

10 முதல் 19 வயதுக்குள் இருப்பவர்களில் ஏழு பேரில் ஒருவருக்கு ஏதோ ஒரு மனநலச் சிக்கல் இருக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். எல்லாம் பதற்றம் இல்லைதான். ஆனாலும் நாற்பது பேர் வகுப்பில் ஐந்தாறு பேர் என்று கணக்கு வருகிறது. என்னைப் போன்றவர்களைக் கண்டுபிடிக்க உங்களுக்குக் கேள்வித்தாள்கூட வேண்டாம். அடுத்த முறை வாசிக்கச் சொல்லும்போது புத்தகத்தைப் பார்க்காதீர்கள், பிள்ளைகளைப் பாருங்கள். எல்லோரும் ஒரு பக்கத்தில் இருக்கையில், ஒருத்தி மட்டும் இரண்டு பக்கம் தள்ளி உதடசைத்துக்கொண்டிருப்பாள்.

இப்படிக்கு,
பன்னிரண்டாவது பத்திக்காரி