நீதிபதிப் பட்டியலில் யார் பெயர்? சென்னை உயர் நீதிமன்றக் கொலீஜியத்துக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு தலைமை நீதிபதி அவர்களுக்கும், நீதிபதி பதவிக்குப் பெயர்களைப் பரிந்துரைக்கும் குழுவான கொலீஜியத்தில் உடன் அமரும் மூத்த நீதிபதிகள் இருவருக்கும் வணக்கம்.

உயர் நீதிமன்ற நீதிபதிகளுக்கான பெயர்ப் பட்டியல் டெல்லிக்குப் போகும்போதெல்லாம் தகுதியா, சமூக நீதியா என்று ஒரு பட்டிமன்றம் கூடிவிடுகிறது. ஒரு தரப்பு எந்தச் சாதியில் எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர் என்று கணக்குக் கேட்கும். மறு தரப்பு திறமையைப் பாருங்கள் என்று மடக்கும். திறமையை எந்தப் படிவத்தில், எந்தக் கட்டங்களை நிரப்பி அளக்கிறோம் என்பதை இரு தரப்பும் பேசுவதில்லை. நாங்கள் எழுதுவது அதைப் பற்றி.

அரசமைப்புச் சட்டத்தின் 217ஆம் பிரிவு கேட்பது கொஞ்சம்தான்: இந்தியக் குடியுரிமை; பத்தாண்டு நீதித்துறைப் பதவி அல்லது உயர் நீதிமன்றத்தில் பத்தாண்டு வழக்குரைஞர் தொழில். இட ஒதுக்கீடு அதில் இல்லை. வருமான வரம்பும் இல்லை. மற்றவை எல்லாம் ‘பொருத்தம்’ என்ற தலைப்பில் பிறகு வந்து ஒட்டிக்கொண்டவை. 2023 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக விக்டோரியா கௌரி நியமிக்கப்பட்டதை எதிர்த்த மனுக்களைத் தள்ளுபடி செய்தபோது, தகுதி உண்டா என்பதை நீதிமன்றம் ஆராயலாம், பொருத்தமானவரா என்பதில் தலையிடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்படியானால் பொருத்தத்தை எடைபோடும் வேலை கொலீஜியங்களின் அறைக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. வெளியே அதற்கு மேல்முறையீடு கிடையாது.

2018 முதல் 2023 ஜூலை வரை நாடு முழுவதும் நியமிக்கப்பட்ட உயர் நீதிமன்ற நீதிபதிகள் 604 பேர் என்று சட்ட அமைச்சகம் நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. அவர்களில் பொதுப் பிரிவினர் 458 பேர். பிற்படுத்தப்பட்டோர் 72, பட்டியல் சாதியினர் 18, பழங்குடியினர் 9, சிறுபான்மையினர் 34. மீதி 13 பேரின் விவரம் அமைச்சகத்திடமே இல்லை. சென்னையின் நிலை வேறு என்று ஆறுதல் சொல்வோர் உண்டு. உச்ச நீதிமன்றத்தின் முதல் தலித் நீதிபதியாக 1980இல் பதவியேற்ற ஏ. வரதராஜன் இங்கிருந்து போனவர்தான். அந்தப் பெருமையை இத்தனை காலம் கழித்தும் செலவழித்துக்கொண்டிருக்க முடியாது.

படிவத்துக்கு வருவோம். வழக்குரைஞர் ஒருவரின் பெயரைப் பரிசீலிக்கும்போது முதலில் கண்ணில் படுவது, தொழிலில் அவர் ஈட்டிய சராசரி ஆண்டு வருமானம். வரி, கம்பெனி, நடுவர் மன்ற வழக்குகள் நடத்துபவருக்கு இந்தக் கட்டம் தானாக நிரம்பிவிடும். குடும்ப நல வழக்கு, ஜீவனாம்சம், ஜாமீன், இலவச சட்ட உதவி என்று ஓடுபவருக்கு நிரம்பாது. பெண் வழக்குரைஞர் என்றதும் விவாகரத்து வழக்குக் கட்டை நீட்டுகிற பழக்கம் கட்சிக்காரரிடமும் இருக்கிறது, சீனியரிடமும் இருக்கிறது. சம்பாதிக்க முடியாத வழக்குகளை ஒருவர் தலையில் கட்டிவிட்டு, பிறகு வருமானம் குறைவு என்று அவர் பெயரை ஒதுக்கினால் அதற்குத் தகுதி என்று பெயர் வைக்கலாகாது.

அடுத்த கட்டம், சட்ட இதழ்களில் வெளியான தீர்ப்புகளின் எண்ணிக்கை. கீழமை நீதிமன்றத்தில் மூன்று நாள் குறுக்கு விசாரணை செய்து வென்ற வழக்கு எந்த இதழிலும் வராது. உயர் நீதிமன்றத்திலும் இதே கதைதான். மனுவை வரைந்து, ஆவணத் தொகுப்பான டைப் செட் தயாரித்து, முன் தீர்ப்புகளைத் தேடி எடுத்தவர் ஜூனியராக இருப்பார். உத்தரவில் வாதிட்ட சீனியர் பெயரும் வக்காலத்தில் உள்ள பெயரும் மட்டும் ஏறும். முதல் தலைமுறை வழக்குரைஞர்கள் இந்த நிலையில் கழிக்கும் ஆண்டுகள் அதிகம். அப்பாவின் சேம்பரில் நேரே நுழைந்தவருக்கு இது சீக்கிரம் கடந்துபோகும். ஆகவே எண்ணிக்கையைக் கேட்பதற்குப் பதிலாக, அவர் தாமே வரைந்த ஐந்து மனுக்கள், நடத்திய இரண்டு குறுக்கு விசாரணைகளின் பதிவு, எழுத்துபூர்வ வாதம் ஒன்று ஆகியவற்றை வாங்கிப் படியுங்கள். அரை நாளில் ஒருவரின் சட்ட அறிவு தெரிந்துவிடும். சட்ட உதவி வழக்குகளை வருமானத்தில் தேடாமல் தனிக் கட்டத்தில் எண்ணிக்கையாகக் கேளுங்கள்.

அரசு வழக்குரைஞர் பதவிகள் மாநில அரசின் கையில் இருக்கின்றன என்றாலும், அங்கே நின்று வாதிட்டவர்கள்தான் நீதிபதிகளின் பார்வையில் அடிக்கடி படுகிறார்கள். அங்கே யார் இல்லையோ அவர் பட்டியலிலும் இருக்க மாட்டார். மதுரைக் கிளை வந்து இருபது ஆண்டுக்கு மேலாகிறது. தேடல் அங்கும் மாவட்ட நீதிமன்றங்களுக்கும் போக வேண்டும்.

உயர் நீதிமன்ற நீதிபதிகளில் கீழமை நீதித்துறைப் பணியிலிருந்து வரும் மூன்றில் ஒரு பங்கினரைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. தமிழ்நாட்டில் சிவில் நீதிபதித் தேர்வில் இன சுழற்சி முறையில் இட ஒதுக்கீடு உண்டு, பெண்களுக்கு 30 சதவீதம் உண்டு. எனவே அந்த வரிசையில் பல சமூகத்தினரும் பெண்களும் ஏராளம். சிக்கல் வயதில் இருக்கிறது. மாவட்ட நீதிபதி ஒருவர் உயர் நீதிமன்றம் வரும்போது பெரும்பாலும் ஐம்பத்தைந்தைத் தாண்டியிருப்பார், 62இல் ஓய்வு. நாற்பத்தெட்டில் வழக்குரைஞர் தொழிலிலிருந்து வருபவருக்குப் பதினான்கு ஆண்டு இருக்கிறது. கொலீஜியத்தில் அமர்வது பணிமூப்பால்தான் என்பதால், பணியிலிருந்து வருபவர் உங்கள் நாற்காலிகளுக்கு அருகே வருவதே அபூர்வம். காலியிடம் விழுந்ததும் இவர்கள் பெயர்களை முதலில் அனுப்பினால் இரண்டு மூன்று ஆண்டுகளாவது மிச்சமாகும்.

காலத்தைப் பற்றி இன்னொன்று. காலியிடம் ஏற்படுவதற்கு ஆறு மாதம் முன்பே பரிந்துரையைத் தொடங்க வேண்டும் என்கிறது நியமன நடைமுறைக் குறிப்பு. மாநில அரசின் கருத்துக்கு ஆறு வாரம். தாமதமாக அனுப்பினால் பட்டியலைப் பிரித்து, வேண்டியவரை முன்னே விட்டு மற்றவரை நிறுத்திவைக்க ஒன்றிய அரசுக்கு இடம் கிடைக்கிறது. அப்போது தொலைவது பணிமூப்பு. சென்னைக்காக வழக்குரைஞர் ஜான் சத்யன் பெயர் 2022 பிப்ரவரியில் பரிந்துரைக்கப்பட்டு, 2023 ஜனவரியில் மீண்டும் வலியுறுத்தப்பட்டது. பின்னால் பரிந்துரைக்கப்பட்டவர்கள் அவரை முந்துவது பற்றி அதே ஆண்டு மார்ச்சில் உச்ச நீதிமன்றக் கொலீஜியமே கவலை தெரிவித்தது.

தென்னாப்பிரிக்காவில் இந்த விவாதம் அரசமைப்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது. அதன் 174ஆம் பிரிவு தகுதியும் நேர்மையும் உள்ளவரைக் கேட்கிறது. நாட்டின் இன, பாலின அமைப்பு நீதித்துறையில் பரவலாகத் தெரிய வேண்டியதையும் கருத்தில் கொள்ளச் சொல்கிறது. நேர்காணல் வெளிப்படையாக நடக்கும். அதிலும் கோளாறு உண்டு: 2021 ஏப்ரலில் அரசமைப்பு நீதிமன்றத்துக்கு நடந்த நேர்காணல் வழக்குக்குப் போய், அக்டோபரில் மறுபடி நடத்த வேண்டிவந்தது. ஆனால் கேள்வி எது, பதில் எது என்று நாட்டுக்குத் தெரிந்ததால்தான் அந்த வழக்கே சாத்தியமாயிற்று.

நேர்காணலை ஒளிபரப்பச் சொல்லவில்லை. அடுத்த பட்டியலை அனுப்பும்போது, பரிசீலிக்கப்பட்டவர்கள் மொத்தம் எத்தனை பேர், அதில் பெண்கள், பட்டியல் சாதியினர், முதல் தலைமுறையினர், மதுரைக் கிளையில் தொழில் செய்பவர்கள் எத்தனை பேர் என்ற எண்ணிக்கையை மட்டும், பெயர்கள் இல்லாமல், உயர் நீதிமன்ற இணையதளத்தில் வெளியிடக் கோருகிறோம்.

இப்படிக்கு,
சென்னை, மதுரை வழக்குரைஞர்கள் சிலர்