ஆடி வரை பொறுங்கள்: எங்கள் ஊர் வாசகர் வட்டத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வாசகர் வட்டத்தாருக்கு, வணக்கம்.

நம்மூர் எழுத்தாளரின் புது நாவலுக்கு நூலகத்தில் வாசிப்புக் கூட்டம் என்ற அழைப்பிதழைப் பார்த்ததிலிருந்து மனசு நிறைந்து கிடக்கிறது. ஆழ்துளைக் கிணறு (போர்) போடும் ரிக் வண்டிக்கு வேலைக்குப் போன ஒரு அப்பனின் கதையைத் திருச்செங்கோட்டுக்காரர் ஒருவரே எழுதிவிட்டார். இரண்டே ராத்திரியில் படித்து முடித்தேன்.

கூட்டத்தைச் சித்திரைக் கடைசி ஞாயிற்றுக்கிழமை வைத்திருக்கிறீர்கள். தயவுசெய்து அதை ஆடிக்குத் தள்ளி வையுங்கள்.

கோடைதான் போர் போடும் காலம். கிணறு வற்ற வற்ற வண்டிக்கு வேலை. மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம் என்று போன வண்டிகள், அங்கே மழை பிடித்து, வயல்காட்டில் சக்கரம் புதைய ஆரம்பித்த பிறகுதான் ஊர்ப்பக்கம் திரும்பும். சித்திரையில் கூட்டம் போட்டால் மனைவிமார் வருவார்கள், பிள்ளைகள் வருவோம். நாவல் யாரைப் பற்றியதோ அவர்கள் எங்கோ ஒரு காட்டில் துளை போடும் இரும்பு ராடு மாட்டிக்கொண்டிருப்பார்கள்.

என் அப்பா பதினெட்டு வருஷம் ரிக்குக்குப் போனார். வைகாசி விசாகத் தேரை நான் ஒருமுறைகூட அவர் தோளில் உட்கார்ந்து பார்த்ததில்லை, மாமாதான் தூக்கிக்கொள்வார். ராத்திரி கட்டணம் குறைந்த பிறகு பக்கத்து வீட்டுப் போனுக்கு அழைத்து, "பாப்பா நடந்துட்டாளா?" என்று கேட்பாராம். நான் நடந்து பத்து நாள் ஆகியிருந்ததாம். ஊருக்கு வந்து துணிமூட்டையை அவிழ்த்தால் பாறைத்தூள் வெள்ளையாகக் கொட்டும். ஒரு ராடு இருபது அடி. "முப்பது ராடு இறக்கினோம், எத்தனை அடி சொல்லு கண்ணு" என்பார். இருபதாம் வாய்ப்பாடு எனக்கு அப்படித்தான் வந்தது.

அப்பாக்களைப் பற்றி மேடையில் பேசுகிறவர்கள் "சான்றோன் ஆக்குதல் தந்தைக்குக் கடனே" என்ற பொன்முடியார் வரியைத்தான் எடுப்பார்கள். அதே புறநானூற்றில் 188ஆம் பாட்டு இருக்கிறது. குழந்தை குறுகுறுவென்று நடந்து வந்து, சின்னக் கையை நீட்டி, நெய்ச்சோற்றை மேலெல்லாம் சிதறிக்கொள்வதைப் பார்த்து மயங்கி நிற்கிறான் பாண்டியன் அறிவுடை நம்பி. கடனை அடைக்கப் போனதால் அந்தச் சோற்றுக் கையைப் பார்க்கக் கொடுத்துவைக்காதவர்கள் எங்கள் அப்பாக்கள். நாவலின் ஒன்பதாம் அத்தியாயம் முழுக்க இதுதான். எட்டு மாதம் கழித்து வந்தவரைப் பார்த்துக் குழந்தை வீறிட்டு அம்மாவின் முந்தானைக்குள் ஒளிகிறது. அவர் ஒன்றும் சொல்லாமல் போய் லாரி கேபினில் உட்கார்ந்துகொள்கிறார். அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வாசலில் போய் நின்றேன்.

அந்த அத்தியாயத்தை எழுத்தாளர் தன் வாயாலேயே வாசிக்கட்டும். வெளியூரில் நான் போன ஒரு விழாவில் வாழ்த்துரை மட்டும் ஒன்பது பேர். ஏற்புரைக்குப் பத்து நிமிஷம் மிஞ்சியது, கதையிலிருந்து ஒரு வரிகூட யாரும் வாசிக்கவில்லை. இங்கே அப்படி வேண்டாம். பொன்னாடைகூட வேண்டாம். வாசித்து முடித்ததும், வந்திருக்கும் அப்பாக்களைப் பேசவிடுங்கள். மைக்கைக் கையில் கொடுத்தால் அவர்கள் பேசமாட்டார்கள். நாற்காலிகளை எடுத்துவிட்டு எல்லாரும் பாயில் சுற்றி உட்கார்ந்தால் பேசுவார்கள். பிள்ளைகள் ஓடட்டும், சத்தம் போடட்டும். யாரையும் வெளியே அனுப்பாதீர்கள்.

1948இல் நூலகச் சட்டம் வந்ததிலிருந்து சொத்துவரியோடு நூலக வரியும் கட்டிவருகிறோம். ரிக் சம்பாத்தியத்தில் எழும்பிய வீடுகளும் அதைக் கட்டுகின்றன. ஆனால் என் அப்பா அந்த நூலகத்துப் படியேறி நான் பார்த்ததே இல்லை.

இப்போது அவர் வீட்டோடு இருக்கிறார், கண் மங்கிவிட்டது. ஒன்பதாம் அத்தியாயத்தை நான்தான் படித்துக் காட்டினேன். வெகுநேரம் கழித்து, "இதை எழுதினவரு யாரோட பையன்?" என்று கேட்டார். அவரைப் பார்க்கவேண்டும் என்கிறார், கூட வண்டியில் இருந்தவர்களோடு சேர்ந்து.

பதினெட்டாம் பெருக்கை ஒட்டிய ஞாயிறு என்றால் தோதாக இருக்கும். பாய்களை நான் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு ரிக் தொழிலாளியின் மகள்