ஸ்டாட் முனைக்கு முன்னால் ஒரு வாரம்

சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

அன்புள்ள கண்ணு,

நீ அனுப்பிய பயணத் திட்டத்தையும் நார்வே வரைபடத்தையும் மேசையில் விரித்துவைத்து, அம்மாவும் நானும் நேற்று ராத்திரி வெகுநேரம் பார்த்தோம். ஜூன் 10 பெர்கனில் படகில் கிளம்புகிறீர்கள். ஜூலை 1 போடோவிலிருந்து விமானம். போகாதே என்று சொல்ல மாட்டேன். உன் தாத்தா டர்பன் குடாவில் வலை இழுத்தவர், நான் முப்பது வருஷம் ஸ்கீ போட்டில், மணலிலிருந்து தள்ளிவிடுகிற சின்ன எஞ்சின் படகில், மீன் பிடிக்கப் போனவன். உனக்குக் கடல் ஆசை இல்லாவிட்டால்தான் ஆச்சரியம்.

ஆனால் உன் திட்டத்தில் ஒரு நாள்கூடச் சும்மா இல்லை. அதுதான் எனக்குத் தூக்கம் தரவில்லை.

நீ கைக்குழந்தையாக இருந்தபோது நடந்தது. புரட்டாசி விரதம் முடிந்த மறுநாள். சொந்தக்காரர்கள் எல்லோரும் வருகிறார்கள், மீனோடு வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். விடியற்காலை வடகிழக்குக் காற்று, காற்றழுத்தம் காட்டும் பாரோமீட்டர் இறங்கிக்கொண்டிருந்தது, வானிலை கெடப்போகிறது என்று அர்த்தம். பார்த்தேன். பார்த்தும் போனேன். பத்து மணிக்குள் காற்று தென்மேற்குக்குத் திரும்பிவிட்டது. இங்கே அகுல்ஹாஸ் நீரோட்டம் தென்மேற்கு நோக்கித்தான் ஓடுகிறது. அதை எதிர்த்துக் காற்று அடித்தால் அலை செங்குத்தாக எழும்பும். இரண்டு எஞ்சினில் ஒன்று நின்றுவிட்டது. கரை சேர மூன்று மணி நேரம். அம்மா உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு மணலில் நின்றிருந்தாள். அந்தக் காற்றில் நான் போனது மீனுக்காக இல்லை கண்ணு, சொன்ன நாளுக்காக.

உன் பாதையில் அப்படி ஒரு இடம் ஸ்டாட் முனை. பெர்கனிலிருந்து ஓலெசுண்ட் போகிற வழியில் பெரும்பாலும் தீவுகள் படகுக்கு மறைப்புக் கொடுக்கும். ஸ்டாடில் அது இல்லை, திறந்த கடல் நேரே வந்து மோதும். கப்பல்கள் அதைச் சுற்றிப் போகாமலிருக்க மலையையே குடைந்து சுரங்கம் போட அந்த நாட்டுக்காரர்கள் திட்டமிட்டார்கள் என்றால் நீயே யோசித்துப் பார். அதற்குத் தெற்கே மோலோய் துறைமுகம் இருக்கிறது. காற்று சரியில்லை என்றால் அங்கேயே கட்டிப்போட்டுக் காத்திருங்கள், நான்கு நாள் ஆனாலும் சரி.

போடோவுக்குப் பக்கத்தில் சால்ட்ஸ்ட்ரௌமென் நீர்ச்சுழல். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ஓட்டம் திசை மாறும். மாறுகிற அந்தச் சின்ன இடைவெளியில் மட்டும் நுழைய வேண்டும்.

அப்புறம் குளிர். நம் கடல் குளிர்காலத்திலும் சுமார் 20 டிகிரி. அங்கே கோடையிலேயே பத்து, பன்னிரண்டுதான். விழுந்தால் முதல் நிமிடம் மூச்சு தறிகெட்டு இரைக்கும். பத்து நிமிடத்தில் கை சொன்னபடி கேட்காது, கயிற்றைக்கூடப் பிடிக்க முடியாது. நீச்சல் தெரியும் என்று சொல்லாதே. மேல்தளத்துக்கு வந்தாலே லைஃப் ஜாக்கெட், இடுப்புக் கயிறு. வடக்கே போகப் போக ராத்திரியும் வெளிச்சமாகவே இருக்கும், தூக்கம் மறந்துபோகும். முறை வைத்துத் தூங்குங்கள்.

விமானத்தை ஜூலை 8க்கு மாற்று. அதற்கான பணத்தை இந்த வாரமே அனுப்புகிறேன்.

நீ அங்கே கோடையில் இருக்கும்போது இங்கே குளிர்காலம், மத்தி மீன் கூட்டம் கரையோரமாக வரும் நேரம். நானும் கடற்கரையில்தான் நிற்பேன். மோலோயிலிருந்து கூப்பிடு, ராத்திரி எத்தனை மணியானாலும் எடுக்கிறேன்.

அன்புடன்,
அப்பா