புஷ்கர் சந்தைக்குக் கேமராவோடு கிளம்பும் நண்பர்களுக்கு

வணக்கம். தீபாவளி முடிந்த கையோடு ராஜஸ்தானின் புஷ்கர் ஒட்டகச் சந்தைக்குப் புகைப்படக் குழுக்கள் கிளம்புவது நம் பக்கமும் வழக்கமாகிவிட்டது. நானும் அந்த மணலில் படம் எடுத்தவன்தான், போகாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே ஒட்டகத்தின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து நிற்பவர் நமக்காக வரவில்லை, விற்க வந்திருக்கிறார். அதை மனத்தில் வைத்துக்கொண்டு போங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

போன முறை கண்முன் நடந்ததைச் சொல்கிறேன். ஒருவர் ஒட்டகத்தின் உதட்டை விலக்கிப் பல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். நம் ஊர் மாட்டுச் சந்தையில் வயது பார்ப்பதைப் போலத்தான். தரகர் நடுவில் நின்று விலை பேசிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் ஒரு குழு வந்து, வெளிச்சம் சரியில்லை, ஒட்டகத்தைக் கொஞ்சம் மேற்கே திருப்புங்கள் என்றது. அப்புறம் மணல்மேட்டில் இரண்டு முறை ஏறி இறங்கச் சொன்னது, புழுதி பறக்க வேண்டுமாம். மேய்ப்பர் தட்ட முடியாமல் போனார். அவர் திரும்பி வருவதற்குள் பல் பார்த்தவர் அடுத்த மந்தைக்குப் போய்விட்டார்.

அந்த ஒரு விற்பனை எவ்வளவு பெரிது என்று நமக்குத் தெரிய வேண்டும். ஒட்டகம் வளர்க்கும் ராய்க்காக்கள், பார்வதி களிமண்ணில் செய்த ஒட்டகத்துக்குச் சிவன் உயிர் கொடுத்தார், அதைப் பார்த்துக்கொள்ளவே தங்கள் முன்னோரைப் படைத்தார் என்று நம்புகிறவர்கள். இன்று அவர்கள் பிழைப்பு கஷ்டத்தில் இருக்கிறது. வண்டி இழுக்க டிராக்டர் வந்துவிட்டது, மேய்ச்சல் நிலம் சுருங்கிவிட்டது. 2014இல் ஒட்டகத்தை ராஜஸ்தானின் மாநில விலங்காக அறிவித்தார்கள். 2015இல் வந்த சட்டம் ஒட்டகத்தை வெட்டுவதைத் தடுத்ததோடு, வெளிமாநிலத்துக்குக் கொண்டுபோவதற்கும் கடிவாளம் போட்டது. நோக்கம் நல்லதுதான். ஆனால் வெளியூர் வியாபாரிகள் வருவது குறைந்தது, ஆண் ஒட்டகத்தின் விலை சரிந்தது. 2012 கணக்கெடுப்பில் இந்தியாவில் சுமார் 4 லட்சமாக இருந்த ஒட்டகங்கள் 2019இல் இரண்டரை லட்சம்தான். சந்தையிலும் இப்போது குதிரைகளின் கைதான் ஓங்கியிருக்கிறது.

அதனால் பேரம் நடக்கும் இடத்தில் தள்ளி நில்லுங்கள், முடிந்ததும் கேளுங்கள். படத்துக்குக் காசு கேட்டால் முகம் சுளிக்காதீர்கள். காசு கொடுத்தால் இயல்பு கெட்டுவிடும் என்பது நம்மில் பலரின் வாதம். ஒரு லென்ஸுக்கு நாம் கொட்டும் பணத்தை நினைத்தால் அந்த வாதம் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ட்ரோன் வேண்டவே வேண்டாம். சத்தத்தில் குதிரைகள் மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடினால் யார் பொறுப்பு? புஷ்கர் ஏரிப் படித்துறையில் குளிப்பவர்களையும் விட்டுவிடுங்கள். அங்கே பலர் இறந்தவர்களுக்குச் சடங்கு செய்ய வந்திருப்பார்கள்.

தேதியையும் மாற்றிப் பாருங்கள். குழுக்கள் பெரும்பாலும் பௌர்ணமியை ஒட்டித்தான் டிக்கெட் போடுகின்றன. அந்த நாள், நமக்குப் பெரும்பாலும் அன்னாபிஷேகப் பௌர்ணமி, அங்கே தீர்த்தமாட வருபவர்களுடையது. 52 படித்துறைகளிலும் கூட்டம் நெரியும், பிரம்மா கோயில் வரிசை நீண்டுகொண்டே போகும். மந்தைகளோ அதற்குள் பெரும்பாலும் கிளம்பியிருக்கும். ஒரு வாரம் முன்னதாகப் போனால் விடிகாலையில் சாண வறட்டி நெருப்பில் ரொட்டி சுடுவதையும், மேய்ப்பர்கள் ஒட்டகத்தின் முடியைக் கத்தரித்து உடம்பில் பூவும் கொடியுமாக வரைவதையும் நிதானமாகப் பார்க்கலாம். யாராவது ஒட்டகப் பாலில் டீ போட்டுக் கொடுத்தால் உட்கார்ந்து குடியுங்கள், கேமரா பைக்குள்ளேயே இருக்கட்டும்.

ஊர் திரும்பியதும் எடுத்த படத்தை அவருக்கே அனுப்புங்கள். வாட்ஸ்அப் எண் கேட்டால் சந்தோஷமாகவே தருகிறார்கள். படத்தைப் பொதுவில் போடுவதாக இருந்தால், 'பாலைவன மனிதர்' என்று எழுதாமல், அவர் சம்மதத்தோடு பெயரையும் ஊரையும் போடுங்கள், ஒட்டகம் விற்றதா இல்லையா என்பதையும் சேர்த்து.