எல்லாரும் ‘மனநல மருத்துவர்’ இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் பத்திரிகையில் மன உளைச்சல் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான், ஆனால் மாத்திரை எழுதித் தருபவர், பேச்சு வழியே சிகிச்சை தருபவர், பள்ளிக்கூடத்துக் கவுன்சிலர் எல்லாரையும் ஒரே மூட்டையாகக் கட்டி ‘மனநல மருத்துவர்’ என்று போட்டுவிட்டீர்கள். மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட்டில் இது சின்ன விஷயம் இல்லை. பக்கத்திலேயே தஞ்சோங் ரம்புத்தான், 1911-இல் மனநல மருத்துவமனை வந்த ஊர், அந்தப் பெயரே கேலிப்பேச்சாகிவிட்டது. மனநல மருத்துவர் என்று சொன்னாலே ‘நான் என்ன பைத்தியமா’ என்றுதான் எங்கள் ஆட்களுக்கு வாயில் வரும்.

என் அக்காவும் அதைத்தான் கேட்டார். தோட்டத்தில் ரப்பர் பால்மரம் வெட்டி ஓய்ந்தவர். கோலகங்சார் பஸ்ஸில் ஒருநாள் திடீரென்று நெஞ்சு படபடத்து, வியர்த்து, மூச்சு முட்டி, செத்தே போய்விடுவோம் என்று நடுவழியில் இறங்கிவிட்டார். இசிஜி எடுத்தோம், ரத்தம் பார்த்தோம், எல்லாம் சரி. தாயத்தும் கட்டியாயிற்று. கடைசியில் கிளினிக் டாக்டர் ஓர் அரசாங்க மருத்துவமனைக்குக் கடிதம் கொடுத்து மருத்துவ உளவியலாளரிடம் அனுப்பினார்.

“ஊசியும் போடல, மாத்திரையும் தரல, நோட்டு வாங்கிட்டு வரச் சொல்றாங்க” என்று அக்காவுக்கு ஒரே எரிச்சல். மாத்திரை தருவது அவர்கள் வேலை இல்லை, அது மருத்துவம் படித்துவிட்டு மனநோய்த் துறைக்குப் போன டாக்டரின் வேலை. இந்த உளவியலாளர்கள் உளவியல் படித்து, அதற்குமேல் மருத்துவ உளவியலில் முதுகலை முடித்தவர்கள். கவுன்சிலர்களுக்கு 1998 சட்டம் தனியாக இருக்கிறது, இவர்கள் 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வருகிறார்கள். 1896-இல் அமெரிக்காவில் லைட்னர் விட்மர் முதல் உளவியல் கிளினிக் திறந்தபோது முதலில் வந்தது பைத்தியம் இல்லை, எழுத்துக்கூட்டத் திணறிய ஒரு பையன், கூட்டி வந்தது ஓர் ஆசிரியை. நானும் பழைய வாத்தியாரம்மா, எனக்கு இது பிடித்துப் போனதில் ஆச்சரியம் இல்லை.

அந்த நோட்டில் கோடு போட்டு மூன்று பத்தி. என்ன நடந்தது, மனசில் என்ன ஓடியது, பயம் எவ்வளவு. ‘பஸ் சத்தம் கேட்டது. விழுந்துவிடுவேன். பத்துக்கு ஒன்பது.’ பிறகு அந்த உளவியலாளர் அம்மா கேட்டாராம், இப்படி எத்தனை தடவை தோன்றியது, எத்தனை தடவை விழுந்தீர்கள் என்று. அக்கா யோசித்துவிட்டு, ஒரு தடவையும் இல்லை என்றார். அப்புறம் முதல் வாரம் பஸ் நிலையத்தில் சும்மா நின்றுவிட்டு வருவது, அடுத்து மகனோடு ஒரே ஒரு நிறுத்தம், அதற்குப் பிறகு தனியாக. இதைச் சிபிடி, அதாவது எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றிப் பழக்கும் சிகிச்சை, என்கிறார்கள். சின்ன வயசுக் கதையைக் கிளறும் ஃபிராய்டு வழியில் பயின்ற அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக்தான், நொடியில் வந்துபோகும் எண்ணங்களைப் பிடித்துச் சோதிக்கும் இந்த முறையை 1960-களில் உருவாக்கினார். எல்லா நோய்க்கும் இதுவே மருந்து என்று நான் சொல்லவில்லை, சிலருக்கு மாத்திரையும் சேர்த்து வேண்டும்.

ஆனால் இதெல்லாம் நடப்பதற்கு முன், முதல் இரண்டு மாதம் ஒன்றும் நகரவில்லை. அங்கே எல்லாம் மலாயில். அக்காவுக்குத் தெரிந்தது பாசார் மலாய், அதாவது கடைத்தெருப் பேச்சு மட்டும், ‘மனசு கெடந்து அடிச்சிக்குது’ என்பதை அதில் எப்படிச் சொல்வது? மகனை உட்கார்த்தி மொழிபெயர்க்கச் சொன்னார்கள், செத்துப்போன புருஷனின் குடியைப் பற்றி மகன் முன்னால் எந்தத் தாய் வாய் திறப்பாள்? தமிழ் பேசும் பெண் ஒருவர் மாற்றலாகி வந்து, மகனை வெளியே அனுப்பி, குறுக்கே பேசாமல், தப்பு சரி சொல்லாமல் ஒரு மணி நேரம் கேட்ட பிறகுதான் அந்த நோட்டே ஆரம்பித்தது. இப்படிக் கேட்பதே சிகிச்சையின் அடிப்படை என்கிறது அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸின் வழி.

ஆகவே அடுத்த கட்டுரையில் யார் யார் என்ன செய்கிறார்கள் என்று பிரித்துப் போடுங்கள். தமிழ் பேசுகிறவர் இருக்கிறாரா என்று முதல் நாளே கேளுங்கள் என்றும் கொட்டை எழுத்தில் போடுங்கள். நாங்கள் கேட்கவே இல்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
சுங்கை சிப்புட், பேராக்