அந்த நாலெழுத்தை விற்க முன்

வெள்ளவத்தை

அன்பின் மச்சான்,

எங்கள் நாலெழுத்து டொட் கொம்மை, அந்தப் பழைய இணையப் பெயரை, விலைக்குக் கேட்டு வந்த மெயிலுக்குப் பதில் போடாதே. ஏற்கனவே போட்டுவிட்டாயென்றால் இன்னொன்று போடாதே. காரணத்தைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். வட்ஸ்அப்பில் சொன்னால் நீ முதல் வரியோடு நிறுத்திவிடுவாய்.

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் பழையபடி, வாயும் பழையபடி. சின்னவள் ஏ.எல். எடுக்கிறாள், அதனால் வீட்டில் டீவி கிடையாது. உன் மூத்தவனின் கல்யாணப் படங்கள் பார்த்தோம். வேட்டியை அவனுக்குக் கட்டிவிட்டது நீ இல்லை என்று பார்த்தவுடன் தெரிந்தது.

சரி, விஷயம். “சும்மா கிடந்த பெயருக்கு 500 டொலராம் மச்சான்!” என்று குதிக்கிறாய். யாரோ ஒரு மாணவன், ஏதோ ப்ரொஜெக்ட் செய்கிறானாம், அதற்கு எங்கள் நாலெழுத்து டொட் கொம்தான் வேண்டுமாம். டேய், நாங்கள் படிக்கிற காலத்தில் பஸ் காசை மிச்சம் பிடிக்கப் பம்பலப்பிட்டியிலிருந்து நடந்து வந்தவர்கள். எந்த மாணவன் 500 டொலரைத் தூக்கிக் கொடுப்பான்? பணமுள்ளவன் கேட்கிறான் என்று தெரிந்தால் விலை ஏறும். அதனால் தரகரை அனுப்புவார்கள், அல்லது ஒரு ஜிமெயிலுக்குப் பின்னால் ஒளிந்து கொள்வார்கள். காலி வீதியில் காணி வாங்குகிறவர் பழைய காரில் வந்து இறங்குவதில்லையா, அதே சங்கதிதான். அதில் குற்றமும் இல்லை. ஆனால் நாங்கள் நம்பவேண்டும் என்றும் இல்லை.

நான் செய்தது இதுதான். அதே நாலெழுத்துக்குப் பின்னால் டொட் நெட், டொட் ஐஓ, டொட் ஏஐ என்று மாற்றி மாற்றி அடித்துப் பார்த்தேன். டொட் நெட்டில் ஒன்றுமில்லை. டொட் ஐஓவில் இருக்கிறது ஒரு கொம்பனி! ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் செய்கிறார்களாம், இரண்டு நாடுகளில் ஆள் எடுக்கிறார்கள், முதலீடு கிடைத்ததென்று முகப்பிலேயே போட்டிருக்கிறார்கள். டொட் கொம் இல்லாமல் அவர்களுக்கு எவ்வளவு தலையிடி என்று யோசி. அவர்களுக்கு வரவேண்டிய கடிதங்களில் பாதி உன் பழைய பெட்டிக்கு வந்திருக்கும், நீதான் திறந்து பார்ப்பதில்லை. டெஸ்லாக்காரர் 2016 வரை டெஸ்லாமோட்டர்ஸ் டொட் கொம் என்றுதான் வைத்திருந்தார்கள். வெறும் டெஸ்லா டொட் கொம்மை வாங்கப் பத்து வருடத்துக்கு மேலும் 1.1 கோடி டொலரும் பிடித்ததென்று மஸ்க்கே 2018இல் எழுதினார். எங்கள் பெயர் டெஸ்லா இல்லை, தெரியும். ஆனால் 500 டொலரும் இல்லை.

உடனே எங்கள் மற்றப் பங்காளி கட்டையனிடம் சொல்லியிருக்கிறாய் போல. அவன் எனக்கு இரவு ஒரு மணிக்கு எடுத்து, வொய்ஸ் டொட் கொம் 2019இல் 3 கோடி டொலருக்குப் போனது, நாங்கள் ஒரு கோடி கேட்போம் என்கிறான். அது எல்லோருக்கும் தெரிந்த ஒரு சொல், வாங்கியவர்கள் கையில் கொட்டிக் கிடந்த பணம். எங்களுடையது நாலு பேரின் முதலெழுத்து. நேம்பயோ என்று ஒரு தளம் இருக்கிறது, முன்பு விற்ற பெயர்களையும் விலைகளையும் அங்கே பார்க்கலாம். நாலெழுத்து டொட் கொம்களை மட்டும் எடுத்து, வாயால் சொல்லக்கூடியவற்றை ஒரு பக்கம் ஒதுக்கிப் பார். வெறும் மெய்யெழுத்துக் குவியல்கள் சில நூறு டொலருக்கும் போயிருக்கின்றன. ஒரு சொல் மாதிரி ஒலிப்பவை பல ஆயிரத்துக்குப் போகின்றன. என் கணக்கு: 35,000 கேட்போம், 20,000க்குக் கீழே இறங்க வேண்டாம். இது வெறும் என் கணக்கு. நீ வேறு சொன்னால் கேட்கிறேன். கட்டையன் சொன்னால் கேட்க மாட்டேன்.

நீ பயப்படுவது வழக்கைப் பற்றியல்லவா? “அவர்கள் ட்ரேட்மார்க் எடுத்து எங்களிடமிருந்து பறித்துவிடுவார்கள், கிடைத்ததை வாங்குவோம்” என்கிறாய். பறிக்கலாம், ஆனால் அதற்கென்று விதி இருக்கிறது. யூடிஆர்பி என்று, இணையப் பெயர்த் தகராறுகளுக்கான விசாரணை ஒன்று இருக்கிறது, அதில் அவர்கள் மூன்று விஷயங்களையும் நிறுவவேண்டும். பெயர் தங்கள் ட்ரேட்மார்க்கைப் போல இருக்கவேண்டும், எங்களுக்கு அதில் நியாயமான உரிமை இருக்கக்கூடாது, நாங்கள் கெட்ட எண்ணத்தோடு பதிந்தும் பாவித்தும் இருக்கவேண்டும். பதிந்தபோதே கெட்ட எண்ணம் என்று எப்படிச் சொல்வது? நாங்கள் பதிந்தது 1999இல், அந்தக் கொம்பனியைத் தொடங்கியவர்கள் அப்போது பால்போத்தல் குடித்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

இந்த விதியில் வந்த முதல் வழக்கும் அந்த வருடத்துடையதுதான். மல்யுத்தப் போட்டி நடத்தும் கொம்பனியின் பெயரை, வேர்ல்ட் ரெஸ்லிங் ஃபெடரேஷன் டொட் கொம் என்று, 1999 அக்டோபரில் ஒருவன் பதிந்தான். மூன்றாம் நாளே அவர்களிடம் போய் 1,000 டொலர் கேட்டான். 2000 ஜனவரியில் பெயர் பறிபோனது. அவன் அவர்களுக்கு விற்கவே பதிந்தவன். நாங்கள் யூனிட்டி பிளாசாவில் அந்தப் பெட்டிக்கடைக்காகப் பதிந்தவர்கள், உன்னுடைய அந்த அசிங்கமான லெட்டர்ஹெட் சாட்சி! ஒரு பிரதி இன்னும் என்னிடம் இருக்கிறது.

ஆனால் அதற்காகக் கண்டபடி ஆடக்கூடாது. பெயரை நிறுத்திவைத்து விளம்பரம் ஓடவிடுகிற பக்கங்கள் இருக்கின்றனவே, அதில் போட்டுவிடாதே. ஆஸ்பத்திரி மென்பொருள் விளம்பரமாக வந்து விழும், எங்கள் கையாலேயே அவர்களுக்கு ஆதாரம் கொடுத்தது போலாகிவிடும். “உங்கள் கொம்பனிக்கு இது தேவை என்று தெரியும்” என்றும் எழுதாதே. நான் சொல்கிறபடி மட்டும் எழுது: நாங்கள் 1999 முதல் வைத்திருக்கும் பெயர், விற்கும் அவசரம் இல்லை, 35,000 டொலருக்குத் தரலாம், பணம் எஸ்க்ரோ மூலம். அவ்வளவுதான். வணக்கம், நன்றி கூட ஒன்று போதும். நீ எழுதுகிற மெயில்களில் பிள்ளைகளின் படிப்பு வரைக்கும் வரும்.

எஸ்க்ரோ என்றால் பணத்தை நடுவில் ஒருவர் பிடித்து வைத்திருப்பது. வாங்குபவர் அங்கே கட்டுவார், பணம் சேர்ந்துவிட்டதென்று அவர்கள் உறுதி சொன்ன பிறகுதான் நீ பெயரை மாற்றிக் கொடுக்கவேண்டும். பெயர் கைக்கு வந்ததென்று அவர் ஒப்புக்கொண்டதும் பணம் உனக்கு. அந்தப் பக்கத்து முகவரியை நீயே தட்டச்சு செய், அவன் அனுப்பும் லிங்க்கை அமத்தாதே, போலி எஸ்க்ரோ தளங்களும் இருக்கின்றன. “முதலில் மதிப்பீட்டுச் சான்றிதழ் ஒன்று வாங்கு, இந்த இடத்தில்தான் வாங்கவேண்டும்” என்று எவனாவது சொன்னால் அவன் வாங்க வந்தவனே இல்லை. அந்தச் சான்றிதழ்க் காசுக்காக வந்தவன்.

இப்போது எனக்கு உண்மையிலேயே நித்திரை வராத விஷயம். பெயர் கிடப்பது உன் கணக்கில், கணக்குக் கிடப்பது உன் பழைய யாஹூவில். அதன் பாஸ்வேர்ட் என்ன, நான் சொல்லட்டுமா? பத்தாம் வகுப்பில் நீ கொப்பி அட்டையில் எழுதிக்கொண்டிருந்த அதே பெயர்தானே? இன்றைக்கே மாற்று, இரட்டைச் சரிபார்ப்பையும் போடு. அந்த மூன்றெழுத்துக் கெட்ட பெயர், கட்டையனுக்குப் பிடித்த டொட் கொம், அதை 1995இல் ஒருவன் ஒரு பொய்க் கடிதத்தை வைத்தே களவெடுத்தான். உரியவருக்கு அது திரும்பக் கிடைக்க 2000 ஆகிவிட்டது. ஆனால் பதிந்த ஆளின் பெயரை மட்டும் இப்போது தொடாதே. அதை மாற்றினால் 60 நாளைக்கு வேறு பதிவாளரிடம், அதாவது பெயர் பதியும் வேறு கொம்பனியிடம், கொண்டுபோக விடாமல் பூட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், வந்தவன் அதுவரை காத்திருக்க மாட்டான்.

அப்புறம் பாவா.

இதை நீ கேட்கவில்லை, நானும் போனில் கேட்க விரும்பவில்லை. அன்றைக்கு இரண்டு வருடத்துக்கு 70 டொலர். டொலரும் ஏறத்தாழ 70 ரூபாய்தான். உன் மாமாவின் கார்டில் கட்டி, நாலாகப் பிரித்து அவருக்குக் கொடுத்தோம். பாவா தன் பங்கை எங்கிருந்து கொண்டுவந்தான் என்று உனக்கும் தெரியும். அந்தப் பெயர் வாயில் நுழைவதே அவனுடைய எழுத்தால்தான். அதை எடுத்துவிட்டால் மிச்சம் மூன்றையும் தும்மத்தான் முடியும், யாரும் 500 டொலர்கூடத் தர மாட்டார்கள். இத்தனை வருடமாகப் புதுப்பிக்கும் காசைக் கட்டியவன் நீ, அதை முதலில் எடுத்துக்கொள். எஸ்க்ரோக் கூலி போகட்டும், அங்கத்தைய வரி எவ்வளவென்று உன் கணக்காளரிடம் கேட்டு அதையும் கழி. மிச்சம் நாலு பங்கு. பாவாவின் பங்கு வவுனியாவில் அவன் மனைவிக்கு. கட்டையன் இதில் ஏதாவது முணுமுணுத்தால் நான் பேசிக்கொள்கிறேன். அவளிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. பணம் கைக்கு வருமுன் சொல்லி ஆசை காட்டுவது சரியில்லை.

35,000 என்று கேட்டவுடன் அவன் பேசாமல் போய்விட்டால் போகட்டும். வருடத்துக்குப் பத்துப் பதினைந்து டொலர் கட்டி வைத்திருப்பதில் எங்களுக்கு என்ன நட்டம்? அடுத்த முதலீடு கிடைத்ததும் திரும்பி வருவார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

பாஸ்வேர்டை மாற்றியதும் “மாற்றிவிட்டேன்” என்று மட்டும் அனுப்பு, புதியது என்னவென்று அனுப்பிவிடாதே. ஞாயிறு உன் காலையில் எடுக்கிறேன், பதிலை இருவருமாக எழுதி அனுப்புவோம். கட்டையனை அந்த அழைப்பில் சேர்க்காதே.

அன்புடன்,
உன் பழைய பங்காளி