ஜெனிக்கு, புகை டிரம் பற்றி

தண்டையார்பேட்டை

அன்புள்ள ஜெனிக்கு,

கறியையும் மீனையும் கரிப் புகையில் மெதுவாக வேக வைக்கிற டிரம் அடுப்பு செய்ய, மாப்பிள்ளை பார்த்து வைத்த டிரம்மின் படம் கிடைத்தது. அந்த டிரம்மை வாங்க வேண்டாம். மேலே இரண்டு திருகு மூடி மட்டும் வைத்த மாதிரி அது. உள்ளே என்ன ஊற்றி வைத்திருந்தார்கள் என்று பார்க்கவும் முடியாது, மேல்தட்டை வெட்டித்தான் ஆக வேண்டும். தின்னர், பெயிண்ட், பசை இருந்த டிரம்மில் சொட்டு இல்லாவிட்டாலும் ஆவி நின்றிருக்கும். கட்டிங் மெஷினின் ஒரு பொறி போதும், வெடித்துவிடும். அதனால்தான் நிறைந்த டிரம்மைவிடக் காலி டிரம்முக்குப் பட்டறையில் பயம் அதிகம். பூச்சி மருந்து வந்த டிரம் என்றால் எத்தனை முறை எரித்தாலும் சமையலுக்குக் கிட்டே சேர்க்காதே.

மூடி முழுதாகக் கழன்று வரும், வளையம் போட்டுப் பூட்டுகிற 210 லிட்டர் டிரம்மாகக் கேள். இங்கே கொருக்குப்பேட்டை, மணலிப் பக்கம் பழைய டிரம்முக்குப் பஞ்சமில்லை, ஆனால் எதிலிருந்து வந்தது என்று விற்கிறவருக்கே தெரியாது. ஓசூரில் உனக்குப் பக்கத்திலேயே நல்லது கிடைக்கும். கிருஷ்ணகிரி மாம்பழக் கூழ் ஆலைகளில் கூழைப் பைக்குள் அடைத்து, பையை டிரம்முக்குள் வைத்துத்தான் ஏற்றுமதி செய்கிறார்கள். கூழ் தகட்டில் படுவதே இல்லை. அதில் பட்டை அடிபட்டு ஒதுக்கியதை விசாரியுங்கள். சில ஆலைகளில் அடி குறுகி வாய் விரிந்த டிரம் இருக்கும், ஒன்றுக்குள் ஒன்று அடுக்குவதற்காக. அது வேண்டாம், கிரில்லை, அதாவது கறி வைக்கிற கம்பித் தட்டை, உயரம் மாற்றி வைக்கும்போது அளவு பிடிக்காது. நேரான டிரம், தகடு 1 மில்லிமீட்டருக்குக் குறையாமல். கால்வனைஸ் செய்த, அதாவது துத்தநாகம் பூசிய வெள்ளை டிரம்மும் கூடாது, சூட்டில் துத்தநாகப் புகை வரும்.

இந்த டிரம்மில் நெருப்பை நடத்துவது காற்று. கரி நிறையப் போட்டால் சூடு ஏறும் என்று மாப்பிள்ளை எழுதியிருக்கிறார், அது அப்படியில்லை. கூடை நிறையக் கரி இருந்தாலும் உள்ளே போகிற காற்றுக்கு எவ்வளவு எரிய முடியுமோ அவ்வளவுதான் எரியும். நாம் விட்ட ஓட்டையில் மட்டும் காற்று போக வேண்டும், வேறெங்கும் மயிரிழை சந்துகூட இருக்கக் கூடாது. கீழே நான் சொல்லும் அளவெல்லாம் இதற்காகத்தான்.

காற்று ஓட்டை நாலு. டிரம்மைச் சுற்றிச் சம இடைவெளி, ஓட்டையின் நடு அடியிலிருந்து 5 சென்டிமீட்டர். முக்கால் அங்குல நிப்பிள் (மரை போட்ட குட்டைக் குழாய்) போகிறது, அதற்கு 27 மில்லிமீட்டர் ஹோல் சா, டிரில்லில் மாட்டி வட்டமாக வெட்டுகிற ரம்பம். முதலில் சின்ன டிரில்லில் வழி போட்டுக்கொள், இல்லையென்றால் வளைந்த தகட்டில் ஹோல் சா வழுக்கி கையைப் பதம் பார்க்கும். மூன்றில் நிப்பிளும் மூடியும், ஒன்றில் பால் வால்வு, கைப்பிடியைத் திருப்பித் திறந்து மூடுவது. வால்வுக்குப் போகிற நிப்பிள் மட்டும் 15 சென்டிமீட்டர் நீளம். வால்வுக்குள் இருக்கும் டெஃப்லான் வளையம் டிரம் தகட்டின் சூட்டைத் தாங்காது, தள்ளி இருந்தால் பிரச்சினை இல்லை. எல்லா நிப்பிளுக்கும் தகட்டின் உள்ளேயும் வெளியேயும் செக் நட், குழாயின் மரையில் ஏறுகிற நட். அதை இறுக்கினால் சந்து அடைந்துவிடும், வெல்டிங் தேவையில்லை. ஜி.ஐ., அதாவது துத்தநாகம் பூசியது வேண்டாம், கறுப்பு நிப்பிளாகப் பாரிமுனையில் எடுத்து அனுப்புகிறேன். வால்வு, செக் நட், தெர்மாமீட்டர் எல்லாம் அதே பார்சலில் வரும்.

மூடியில் 12 மில்லிமீட்டர் ஓட்டை எட்டு, மூடியின் நடுவைச் சுற்றி வட்டமாக. இவை சமைக்கும்போது எப்போதும் திறந்தே இருக்க வேண்டும். சூட்டைக் குறைக்க இதை மூடுகிறவர்கள் உண்டு. புகை வெளியேறாமல் உள்ளேயே நின்று கறி மேல் தார் மாதிரி படிந்து கசக்கும். குறைப்பதும் கூட்டுவதும் கீழே மட்டும். மூடியின் உள்விளிம்பில் ரப்பர் வளையம் ஒன்று இருக்கும், அதைப் பிய்த்து எறிந்துவிடு. எறிந்த பிறகு மூடி ஆடினால் கண்ணாடி இழைக் கயிறு வாங்கிப் போடலாம். கடையில் ஆஸ்பெஸ்டாஸ் கயிறு எடுத்துக் கொடுப்பார்கள், விலையும் மலிவாக இருக்கும், வாங்காதே.

ஓட்டை எல்லாம் போட்ட பிறகு, நிப்பிள் எதையும் மாட்டாமல், டிரம்மை எரிக்க வேண்டும். உள்ளே பெயிண்டோ பழுப்பு நிற லேக்கர் பூச்சோ இருந்தால் கண்டிப்பாக. காய்ந்த விறகை முக்கால் டிரம் அடுக்கி, மூடியைத் திறந்து வைத்து, கீழ் ஓட்டை நாலும் திறந்தபடி இரண்டு மணி நேரம் நன்றாக எரிய விடு. வெளிப் பெயிண்ட் உதிர்ந்து உட்பக்கம் சாம்பல் நிறத்துக்கு வர வேண்டும். மூடியையும் அந்த நெருப்பிலேயே குப்புறப் போட்டு எடு. அந்தப் புகை கெட்டது. காற்று வருகிற பக்கம் நின்றுகொள்ளுங்கள், பக்கத்து வீட்டில் துணி காய்கிற நேரம் வேண்டாம். ஆறிய பிறகு கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டித் தேய்க்க வேண்டும். கண்ணாடியும் மாஸ்க்கும் இல்லாமல் மாப்பிள்ளை அந்த பிரஷைத் தொடக் கூடாது, அறுந்த கம்பி துணியைத் துளைத்துக்கொண்டு போகும். பிறகு சோப்புத் தூள் போட்டுக் கழுவி, வெயிலில் காய வைத்து, உட்பக்கம் முழுக்கக் கடலை எண்ணெயை மெல்லிசாகத் தடவு. வழிய விட்டால் பிசுபிசுவென்று நிற்கும். உள்ளே பெயிண்ட் எதுவும் கூடாது. வெளியே மட்டும், அதுவும் சூடு தாங்கும் பெயிண்ட்.

கரிக்கூடையும் கிரில்லும் சாம்பல் தட்டும் இங்கே பட்டறையிலேயே செய்கிறேன். கூடை 35 சென்டிமீட்டர் அகலம், 25 உயரம், எக்ஸ்பேண்டட் மெட்டலில் (கீறி இழுத்த வலைத் தகடு). கூடையின் அடி டிரம்மின் அடியிலிருந்து 8 சென்டிமீட்டர் மேலே நிற்கும்படி மூன்று கால். 5 கிலோ கரி தாராளமாகக் கொள்ளும். கால்கள் நிற்பது சாம்பல் தட்டில். தட்டின் விளிம்பு 3 சென்டிமீட்டருக்கு மேல் போகாது, உயர்ந்தால் காற்று ஓட்டையை மறைத்துவிடும். கிரில் 6 மில்லிமீட்டர் எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) கம்பி. அதைத் தாங்க எம்6, அதாவது 6 மில்லிமீட்டர் தடிப்புள்ள போல்ட் நாலு, 50 மில்லிமீட்டர் நீளம், டிரம் வாயிலிருந்து 18 சென்டிமீட்டர் கீழே. அப்படி வைத்தால் கூடையின் அடிக்கும் கிரில்லுக்கும் 62 சென்டிமீட்டர் வரும். இதைக் குறைத்தால் கீழ்ப்பக்கம் கருகி மேல்பக்கம் பச்சையாக இருக்கும். போல்ட் ஓட்டைகளை அளந்து குறிக்கும்போது தரை சமமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள், ஒரு போல்ட் ஏறி இறங்கினால் கொழுப்பெல்லாம் ஒரே மூலையில் சொட்டும்.

தெர்மாமீட்டர் கிரில்லுக்குச் சற்றுக் கீழே, பக்கவாட்டில். மாட்டும் முன் கொதிக்கிற தண்ணீரில் விட்டுப் பார். இங்கே என்றால் 100 காட்ட வேண்டும். ஓசூர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரம், அங்கே தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். 97 காட்டினால் கருவி சரி, கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதே. இன்னொன்று, பக்கவாட்டில் இருக்கிற முள் ஓரத்துச் சூட்டைத்தான் சொல்லும். டிரம்மின் நடுவில் ஆரம்பத்தில் அதைவிட 20 டிகிரிக்கு மேலேயே அதிகமாக இருக்கும்.

எல்லாம் மாட்டிய பிறகு ஒரு சோதனை. உள்ளே கொஞ்சம் ஈரத் தேங்காய் நாரைக் கங்கில் போட்டுப் புகைய விட்டு, மூடி ஓட்டைகளைத் துணியால் அடைத்துவிட்டுச் சுற்றி வந்து பார். புகை எங்கே கசிகிறதோ அங்கேதான் பிற்பாடு நெருப்பு கைமீறும். மூடி விளிம்பில் கசிந்தால், அப்போதைக்கு பிரியாணி அண்டாவுக்குத் தம் போடுகிற மாதிரி மைதா பிசைந்து ஒட்டிவிடு.

கரிக்கு ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்து சீமைக்கருவேலங்கரியை மிஞ்ச ஒன்றும் இல்லை. அமெரிக்காவில் டெக்ஸஸ்காரர்கள் கறி சுடப் பெருமை பேசுகிற மெஸ்கீட் மரம் இதற்கு நெருங்கிய சொந்தம்தான். வாங்கியதும் சலித்துவிடு. மூட்டையின் அடித்தூள் கூடைக்குள் போனால் காற்று ஏறாது, முள் 80 டிகிரியில் நின்றுகொண்டு நகராது. ஈரக் கரியும் அதே வேலையைச் செய்யும், கூடவே வெடித்துத் தெறிக்கும். மழைக்காலத்தில் ஒரு வெயில் காட்டாமல் போடாதே. கொட்டாங்கச்சிக் கரி சீக்கிரம் சூடேறும், கோழிக்குப் போதும், நீண்ட நேரச் சமையலுக்கு நிற்காது. புகைக்குக் கொய்யா, மா, இல்லையென்றால் புளி. காய்ந்த கட்டையாகக் கை முஷ்டி அளவில் மூன்று நாலு துண்டு போதும். வேப்பங்கட்டை கசப்பு. அரளி விஷம், அது இருக்கிற தோட்டத்து விறகையே எடுக்காதே. பிளைவுட், பெயிண்ட் அடித்த மரம், பார்சல் பெட்டிப் பலகை எதுவும் கூடாது.

பற்ற வைக்கும் முறை இது. கூடையில் கரியைக் கொட்டி நடுவில் குழி பண்ணு. மரத் துண்டுகளைக் கரிக்கு இடையில் செருகு. தனியாக 12, 15 கரித் துண்டைச் சாம்பல் பூக்கும்வரை பற்ற வைத்து அந்தக் குழியில் போடு. முழுக் கூடையையும் பற்ற வைத்தால் டிரம் 200 டிகிரியைத் தாண்டிவிடும், பிறகு இறக்க முடியாது. மண்ணெண்ணெய் ஒரு சொட்டுகூட வேண்டாம், அந்த வாடை கறியோடு போகாது, டிரம்மிலேயே தங்கும். மூடியை வைத்து நாலு வழியையும் திற. 90 டிகிரி வந்ததும் இரண்டை மூடு, 105 வந்ததும் மூன்றாவதை மூடு, அதன் பிறகு வால்வு ஒன்றுதான். வால்வைக் கொஞ்சம் திருப்பினால் கால் மணி நேரம் காத்திரு. உடனே முள் அசையவில்லையே என்று மறுபடி மறுபடி திருப்பினால் முன்னும் பின்னுமாக ஆடிக்கொண்டே இருக்கும். ஏறும்போதே பிடித்துவிட வேண்டும், ஏறிய பிறகு இறக்குவது மெதுவாகத்தான் நடக்கும்.

முதல் தடவை கறி எதுவும் வைக்காமல் 150 டிகிரியில் மூன்று மணி நேரம் ஓட்டு. நீ தடவிய எண்ணெய் அப்போதுதான் தகட்டில் கறுத்துப் பிடிக்கும்.

வால்வு காற்றைப் பார்த்தபடி இருக்கக் கூடாது. ஆடியில் அங்கே மேற்குக் காற்று, வால்வைக் கிழக்கே திருப்பி வை. நம் வீட்டில் என்றால் நேர் எதிர், மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று கிழக்கேயிருந்து வரும். கரி பற்றிய புதிதில் புகை வெள்ளையாகக் கெட்டியாக வரும், அப்போது கறி வைக்காதே. அரை மணி நேரத்தில் மெல்லிய நீலமாக மாறும், அதுதான் சமயம். வைத்த பிறகு அடிக்கடி திறந்து பார்க்கிற பழக்கத்தை மாப்பிள்ளை விட வேண்டும். திறந்தால் சூடு போகும் என்று நினைப்பார்கள். இதில் காற்று உள்ளே பாய்ந்து கரி கொழுந்து விடும், சொட்டிய கொழுப்பும் பற்றிக்கொள்ளும். மூடினால் தானாக அடங்கும், தண்ணீர் தெளிக்காதே.

கோழி 1.2 கிலோ, முதுகெலும்பை வெட்டி விரித்தது, உப்பு 18 கிராம் தடவி இரவு முழுக்க ஃபிரிட்ஜில். 140 டிகிரியில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம், தொடையின் உள்ளே 74 டிகிரி. 110இல் வைத்தால் வெந்துவிடும், ஆனால் தோல் ரப்பர் மாதிரி இழுக்கும். பன்றித் தோள்கறி 2 கிலோ என்றால் 120 டிகிரியில் ஏழெட்டு மணி நேரம், உள்ளே 93 வரை. நடுவில் 70 பக்கம் வந்து மணிக்கணக்காக ஏறாது. கறியிலிருந்து ஈரம் ஆவியாகிக் குளிர்விப்பதால் அப்படி நிற்கும். பொறுத்திரு, வால்வைத் தொடாதே. மீனுக்கு 3 சென்டிமீட்டர் தடிப்பு வஞ்சிரத் துண்டு, ஒரு லிட்டர் தண்ணீரில் 60 கிராம் உப்புக் கரைத்து அரை மணி நேரம் ஊற வைத்து, ஃபேன் அடியில் மேல்பக்கம் காயும்வரை வைக்க வேண்டும். ஈரமாக வைத்தால் புகை பிடிக்காமல் திட்டுத் திட்டாக நிற்கும். 110 டிகிரியில் முக்கால் மணி நேரத்திலிருந்து பார்க்கலாம், உள்ளே 63 டிகிரி. என்னைக் கேட்டால் வஞ்சிரத்தைவிடக் கானாங்கெளுத்தி, எண்ணெய் அதிகம், புகையை நன்றாக இழுக்கும், விலையும் பாதிக்கும் கீழே. காசிமேட்டிலிருந்து ஐஸ் போட்டு அனுப்ப வேண்டுமானால் ஏப்ரல் 15க்கு முன்னால் சொல், அன்று முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம்.

முடிந்ததும் வால்வை அடைத்து, மேல் ஓட்டைகளையும் காந்தமோ தகடோ வைத்து மூடிவிட்டால் நெருப்பு மெல்ல அணையும், மிச்சக் கரி அடுத்த தடவைக்கு ஆகும். அணைந்தது போலத் தெரிந்தாலும் அன்றிரவு டிரம்மைக் கார் ஷெட்டுக்குள்ளோ வீட்டுக்குள்ளோ தள்ளக் கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. மறுநாள் சாம்பலைக் கொட்டிவிடு. அப்படியே விட்டால் காற்றின் ஈரத்தை இழுத்து அடித்தகட்டைத் தின்றுவிடும். அங்கே நம் உப்புக் காற்று இல்லை, அதுவரைக்கும் டிரம் பிழைத்தது.

டிரம் கையில் வந்ததும் உள்விட்டத்தை வாயில் ஒரு தடவை, வாயிலிருந்து 18 சென்டிமீட்டர் கீழே ஒரு தடவை, குறுக்கும் நெடுக்குமாக அளந்து எழுது. 57 இருக்க வேண்டும். அடிபட்டு நசுங்கிய டிரம் என்றால் ஒரு பக்கம் 56தான் வரும். குறைந்த அளவிலிருந்து 1 சென்டிமீட்டர் கழித்துத்தான் கிரில் கம்பியை வெட்டுவேன். உள்ளங்கை அளவு நசுங்கல் இருந்தால் அது எந்த உயரத்தில் இருக்கிறது என்பதையும் எழுது. வாய் விளிம்பிலேயே நசுங்கி இருந்தால் அந்த டிரம்மை எடுக்காமல் விட்டுவிடு.

அம்மா இஞ்சிப்பூண்டு விழுது அனுப்புகிறாளாம், வால்வோடு ஒரே பெட்டியில் வைக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா